ஒற்றை மரமாய் முடிந்த பேரினம்

2003 டிசம்பரில் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில், பாதுகாப்பாக வளர்க்கப்பட்டு வந்த ஒரு செடி பட்டுப்போனது. பூஞ்சை நோயும் கறையானும் அதன் கதையை முடித்தன. அந்தச் செடியோடு செயின்ட் ஹெலினா ஆலிவ் என்ற மரம் உலகில் இல்லாமல் போயிற்று. தாவரவியல் ஏடுகளில் அதற்கு நெசியோட்டா எலிப்டிகா என்று பெயர். நெசியோட்டா என்ற பேரினத்தில் அந்த ஒரே இனம்தான் இருந்தது. ஆகவே அன்று இறந்தது ஓர் இனம் மட்டுமல்ல, ஒரு பேரினம் முழுவதும்.

வாரிசு இல்லாமல் போன ஒருவருக்கு இரங்கல் எழுதும்போது அவர் எந்த ஊர், யார் வழி வந்தவர் என்று தொடங்குவதுதான் முறை. இந்த மரத்துக்கும் அப்படியே தொடங்கலாம்.

பெயரில் ஆலிவ் இருந்தாலும் ஆலிவ் எண்ணெய் தரும் மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது இலந்தைக் குடும்பம். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் இலந்தைப் பழத்தின் தூரத்துச் சொந்தம். கரும்பச்சையில் நீள்வட்ட இலை, அடிப்புறம் வெளிறிய மென்ரோமம். கொத்தாகப் பூக்கும் சிறிய இளஞ்சிவப்புப் பூ. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு சிறு பூ ஈ அந்தப் பூக்களுக்கு வந்துபோகும். காய் கட்டை போல் கெட்டியாக இருக்கும். பிரம்மாண்டமான மரம் அல்ல. தீவின் உச்சியில், மேகம் படிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் முகட்டில், மரப்பெரணிகளுக்கு நடுவே ஒதுங்கி நின்ற மரம்.

அந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயின்ட் ஹெலினாவின் பரப்பு 122 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கக் கரை கிழக்கே ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடலடி எரிமலை கக்கிய குழம்பு இறுகி, 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நீருக்கு மேலே தலைகாட்டிய பாறை அது. எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. அப்படியானால் அங்கே நின்ற ஒவ்வொரு மரமும் செடியும் கடல் தாண்டி வந்த ஏதோ ஒரு விதையின் வழித்தோன்றல். காற்றோ, கடல் நீரோ, பறவையின் வயிறோ, காலில் ஒட்டிய சேறோ கொண்டுவந்து போட்ட விதை. தென்மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்பும் குளிர்ந்த நீரோட்டமும் தென்கிழக்கு வணிகக் காற்றும் இந்தத் தீவின் திசையில்தான் போகின்றன.

இவ்வளவு தூரத்தை ஒரு விதை தாண்டும் என்பதை 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. தீவுகளுக்கும் கண்டங்களுக்கும் இடையே முன்பு நிலப்பாலங்கள் இருந்தன, பிறகு அவை மூழ்கிப்போயின என்பது ஒரு கட்சி. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் நெடுங்காலம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார். அவருடைய நண்பர் சார்லஸ் டார்வின் அதை ஏற்கவில்லை. விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டு, எத்தனை நாள் கழித்து முளைக்கின்றன என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். இருவருமே செயின்ட் ஹெலினாவில் இறங்கியவர்கள். டார்வின் 1836இல் பீகிள் கப்பலில் வந்தார். ஹூக்கர் அண்டார்டிகா பயணத்தின்போது 1840இலும் 1843இலும் வந்தார். 1866இல் நாட்டிங்ஹாம் நகரில் தீவுத் தாவரங்கள் குறித்து ஹூக்கர் ஆற்றிய உரை அந்தத் துறையின் முதல் பெரிய உரை. அதில் டார்வினின் வாதத்துக்கு அவர் பெருமளவு இடம் கொடுத்தார். நெசியோட்டாவைத் தனிப் பேரினமாகப் பிரித்துப் பெயரிட்டவரும் ஹூக்கர்தான். ஆண்டு 1862.

அதற்கு முன்பே இந்த மரத்தை அறிவியல் ஏட்டில் ஏற்றியவர் நம் கரையில் தாவரவியல் பழகியவர். வில்லியம் ராக்ஸ்பரோ 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்த லின்னேயஸின் மாணவர் கோனிக் அவருக்கு வழிகாட்டி. சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் படத்தோடு தொகுத்தவர், பிறகு கல்கத்தா தாவரவியல் பூங்காவை இருபது ஆண்டுகள் நடத்தியவர். உடல் தளர்ந்து 1813இல் இந்தியாவைவிட்டுப் புறப்பட்டபோது, கம்பெனிக் கப்பல்கள் தண்ணீருக்கும் காய்கறிக்கும் நிற்கும் செயின்ட் ஹெலினாவில் மாதக்கணக்கில் தங்கினார். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. தீவின் செடிகளையெல்லாம் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் நம் மரமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஃபைலிகா என்ற பேரினத்தோடு சேர்த்து ஃபைலிகா எலிப்டிகா என்று அதை அவர் குறித்தார். 1815இல் ராக்ஸ்பரோ இறந்தார். மறு ஆண்டு அந்தப் பட்டியல் அச்சில் வந்தது, தீவின் ஆளுநராக இருந்த அலெக்சாண்டர் பீட்சன் எழுதிய நூலின் பிற்சேர்க்கையாக. இந்தப் பீட்சனும் சென்னைப் படையில் இருந்தவர்தான். 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் பங்கேற்று, அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியவர்.

ராக்ஸ்பரோ கண்ட உறவு வீணாகவில்லை. ஹூக்கர் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தது சரி. ஆனால் ஃபைலிகாவின் பக்கத்துச் சொந்தம் என்று ராக்ஸ்பரோ கண்ணால் கணித்ததும் சரி. இரண்டையும் சேர்த்து உறுதி செய்தவை 2001இல் வெளிவந்த டிஎன்ஏ ஆய்வுகள். அவை சொன்ன குடும்ப வரலாறு இதுதான்.

இலந்தைக் குடும்பத்துக்குள் நான்கு பேரினங்கள் சேர்ந்த ஒரு சிறு உறவுக் கூட்டம் உண்டு: ஃபைலிகா, நோல்டியா, டிரைக்கோசெஃபாலஸ், நெசியோட்டா. இவற்றில் நோல்டியாவிலும் டிரைக்கோசெஃபாலஸிலும் ஓரிரு இனங்களுக்கு மேல் இல்லை. ஃபைலிகா மட்டும் ஏறத்தாழ 150 இனங்களாகப் பெருகியது. அவற்றில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் வாழ்பவை. கோடையில் காய்ந்து, அவ்வப்போது தீப்பற்றி எரிந்து, மழைக்குப் பிறகு மீண்டும் துளிர்க்கும் புதர்க்காடு அது. ஃபைன்போஸ் என்பார்கள். ஊசி போல் சுருண்ட சிற்றிலை, பஞ்சு படர்ந்த பூத்தலை என்று அந்தச் செடிகள் வறட்சிக்கென்றே உடம்பைக் குறுக்கிக்கொண்டவை. 70, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் நீரோட்டங்கள் மாறி அந்தப் பகுதி உலர்ந்துபோகத் தொடங்கிய காலத்தில்தான் ஃபைலிகா கிளைகிளையாகப் பிரிந்தது என்று ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்குக்கு அளவுகோலாக உதவியது தீவுகளின் வயது. எரிமலைத் தீவின் பாறைக்கு வயது சொல்ல முடியும். அந்தத் தீவில் மட்டும் வளரும் இனம் தீவைவிட மூத்ததாக இருப்பது அரிது என்பது கணக்கின் அடிப்படை.

ஃபைலிகாவும் வெறும் வீட்டுப்பறவை அல்ல. அதன் சில இனங்கள் மடகாஸ்கருக்குப் போயின. ரீயூனியன் பக்கம் போயின. ஃபைலிகா ஆர்போரியா என்ற மரம் தென் அட்லாண்டிக்கின் டிரிஸ்டான் ட குன்யா, கஃப் தீவுகளில் நிற்கிறது. அதே மரம் இந்தியப் பெருங்கடலின் நடுவே ஆம்ஸ்டர்டாம் தீவிலும் நிற்கிறது. இடையே ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் கடல். டிரிஸ்டான் தீவுக் கூட்டத்தில் அந்த மரத்தின் கெட்டிக் காயை உடைத்துத் தின்னவென்றே பருத்த அலகு வாய்த்த ஒரு குருவியினம் உண்டு. ஒரு மரம் கடல் கடந்து போய் நின்றதும், அதைச் சார்ந்து ஒரு பறவையின் அலகே மாறிவிட்டது.

நெசியோட்டாவின் கதை இதைவிடப் பழையது. அது ஃபைலிகாவின் பிள்ளை அல்ல, உடன்பிறப்பு. ஃபைலிகா 150 கிளையாகப் பிரிவதற்கு முன்பே, இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து தனியே விலகிவிட்ட கிளை. செயின்ட் ஹெலினாவில் அதன் பங்காளியாக ஃபைலிகா பாலிஃபோலியா என்ற செடியும் உண்டு. தீவு மக்கள் அதைக் காட்டு ரோஸ்மேரி என்பார்கள். அது தனியாக, பிந்தி வந்த குடியேறி. ஒரே உறவுக் கூட்டம் ஒரே தீவுக்கு இரண்டு முறை கடல் தாண்டி வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நெசியோட்டா கிளை ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்று எங்கும் இல்லை. கண்டம் உலர்ந்தது, நெருப்பு புதர்க்காட்டை ஆண்டது, வறட்சியைத் தாங்கியவை பெருகின. ஈரத்தை நம்பிய பழைய வடிவங்கள் அங்கே ஒதுக்கப்பட்டன. தீவின் முகட்டிலோ மேகம் விலகவில்லை, காட்டுத்தீயும் இல்லை. செயின்ட் ஹெலினா ஒரு பழைய பரண் போலக் கண்டம் தூக்கிப்போட்டவற்றை லட்சக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தது. இந்தத் தீவின் மற்ற மரங்களும் அதே வகை விசித்திரம்தான். சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை அங்கே காடாக நின்றன. மேயும் விலங்கு இல்லாத நாட்டில் செடிகள் மரமாக உயரத் துணிந்தன. முள்ளோ கசப்போ வளர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லாமல் போனது.

அந்த நிம்மதிதான் எமன் ஆயிற்று. 1502இல் போர்ச்சுக்கீசியர் தீவைக் கண்டார்கள். 1513இல் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த முறை கப்பல் வரும்போது இறைச்சி தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1588இல் ஆங்கிலேயக் கடலோடி தாமஸ் காவெண்டிஷ் வந்தபோது ஆடுகள் ஆயிரக்கணக்கில் மந்தை மந்தையாகத் திரிந்தன. ஆடு வளர்ந்த மரத்தை உடனே சாய்த்துவிடாது. முளைத்து வரும் கன்றை மட்டும் தின்னும். கிழமரங்கள் ஒவ்வொன்றாக விழ, பின்னால் வர ஒரு தலைமுறை இருக்காது. காடு நின்றுகொண்டே செத்துப்போகும். 1659இல் கிழக்கிந்தியக் கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது. தோல் பதனிடப் பட்டையை உரித்தார்கள். விறகுக்கு வெட்டினார்கள். கருங்காலி மரத்தைச் சுண்ணாம்புக் காளவாயில் எரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஓர் ஆளுநர், ஆடுகளை ஒழித்தால் கருங்காலியைக் காப்பாற்றலாம் என்று லண்டனுக்கு எழுதினார். கருங்காலியைவிட ஆட்டுக்கு மதிப்பு அதிகம், ஆட்டைத் தொடாதே என்று பதில் வந்தது. கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அது நியாயமான தீர்ப்புதான். காட்டுக்கு அந்தப் புத்தகத்தில் பக்கமே ஒதுக்கப்படவில்லை.

நெப்போலியனை 1815இல் இங்கே கொண்டுவந்து அடைத்தபோது தீவின் கீழ்ப்பகுதிக் காடுகள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. அவர் தங்கவைக்கப்பட்ட லாங்வுட் சமவெளி ஒரு காலத்தில் பெருங்காடு. உலகம் அந்த ஒரு கைதியையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே முகட்டில் நின்ற மரங்களை ராக்ஸ்பரோ, அவருக்கு முன் தீவில் ஐந்தாண்டு வாழ்ந்த வில்லியம் பர்ச்செல் போன்ற ஒரு சிலர்தான் பார்த்தார்கள்.

1875இல் ஜான் சார்லஸ் மெல்லிஸ் தீவைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மலைமுகட்டிலுள்ள டயானா சிகரத்தின் வடசரிவில் செயின்ட் ஹெலினா ஆலிவ் 12 அல்லது 15 மரங்கள்தான் மிச்சம் என்று அதில் குறித்திருக்கிறார். அதாவது மரம் அருகிவருகிறது என்பது ரகசியமல்ல. லண்டனில் விற்ற புத்தகத்தில் அச்சாகியிருந்த செய்தி.

அதன்பிறகு அந்த முகட்டுக்கு வந்தது கயிறு வியாபாரம். நியூசிலாந்து ஃபிளாக்ஸ் என்ற நீண்ட வாள் போன்ற இலையுடைய நார்ச்செடியைத் தீவில் நட்டார்கள். 1874இல் ஆலை முயற்சி தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தீவின் ஒரே பெருந்தொழிலாகியது. உள்ளூர்க் காட்டை வெட்டி மலைச்சரிவெல்லாம் ஃபிளாக்ஸ் நட்டார்கள். நடாத இடத்துக்கும் அது தானே பரவியது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை கடிதக் கட்டுகளைக் கட்ட அந்த நார்க்கயிற்றை வாங்கிக்கொண்டிருந்தது. 1960களின் நடுவில் அஞ்சல் துறை செயற்கை நாருக்கு மாறியது. 1966இல் கடைசி ஆலை மூடப்பட்டது. ஆலை போனாலும் செடி போகவில்லை. இன்றும் அந்தச் சரிவுகளை ஃபிளாக்ஸ்தான் மூடிக் கிடக்கிறது. தபால் கட்டும் கயிற்றுக்காக ஒரு மேகக்காடு போய்விட்டது.

ஆலிவ் மரம் அழிந்தே போய்விட்டது என்று கருதப்பட்ட வேளையில், 1977இல் தீவைச் சேர்ந்த ஜார்ஜ் பெஞ்சமின் மலைமுகட்டுப் பாறைச் சரிவில் ஒரே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். காடும் மலையும் காலடிப் பழக்கமாக அறிந்தவர் அவர். 1980இல் இதே பெஞ்சமினும் தாவரவியலாளர் குவென்டின் கிராங்கும் சேர்ந்து இன்னொரு அதிசயத்தையும் கண்டார்கள். நூறாண்டுக்கு மேல் காணாமல்போயிருந்த செயின்ட் ஹெலினா கருங்காலி, இரண்டே இரண்டு செடிகளாக ஒரு செங்குத்துப் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இறங்கிப் போத்து ஒடித்து வந்தார்கள். போத்துகள் வேர்விட்டன. இன்று அந்தக் கருங்காலி தீவில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது.

ஆலிவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதன் போத்து லேசில் வேர்விடாது. விதை வழியோ அதைவிடச் சிக்கல். தன் மகரந்தத்தையும் நெருங்கிய சொந்தத்தின் மகரந்தத்தையும் அந்தப் பூ ஏற்காது. ரத்த உறவில் மணம் கூடாது என்று மனிதர்கள் வகுத்த விதியைப் பல தாவரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பின்பற்றி வருகின்றன. கூட்டம் பெரிதாக இருக்கும்போது அது வம்சத்தை வலுவாக்கும் ஏற்பாடு. ஒற்றை மரம் மிஞ்சும்போது அதுவே கழுத்தை நெரிக்கும். மரம் பூத்தது. ஈ வந்தது. ஆனால் ஏற்கத்தக்க மகரந்தம் உலகில் எங்கும் இல்லை. அரிதாகத் திரண்ட சில விதைகளும், படாதபாடுபட்டு வேர்விடச் செய்த போத்தும்தான் கையில் மிஞ்சின. 1994இல் காட்டு மரம் பட்டுப்போனது. வளர்ப்பில் இருந்தவற்றைப் பூஞ்சை ஒவ்வொன்றாகத் தின்றது. தீவின் பாதுகாவலர்கள் இறுதிவரை விடாமல் போராடினார்கள். 2003 டிசம்பரில் எல்லாம் முடிந்தது. அந்த முகட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்து அதற்குள் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இழப்பின் அளவை எண்ணிக்கையில் சொல்ல முடியாது. ஃபைலிகாவின் 150 இனங்களில் ஒன்று போனால் அதன் குணங்களைக் கொஞ்சமாவது மற்ற 149இல் தேடலாம். நெசியோட்டா போனால் தேட இடமே இல்லை. ஈரக்காட்டில் வாழ்ந்த அந்த மூதாதை எப்படி இருந்திருக்கும், வறண்ட நாட்டுப் புதர்களாக ஃபைலிகா மாறுவதற்கு முன் இந்தக் கூட்டத்தின் இயல்பு என்ன என்று கேட்பதற்கு உயிருள்ள சாட்சியாக இருந்தது இது ஒன்றுதான். மியான்மரின் பிசின் கற்களில் சிக்கிய, ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழமையான பூக்களை ஃபைலிகாவோடு தொடர்புபடுத்தி 2022இல் ஓர் ஆய்வு வந்தது. அது சரிதானா என்று விவாதம் நடக்கிறது. இப்படியொரு விவாதத்தில் உயிருள்ள பூவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில் இப்போது நம்மிடம் இருப்பவை உலர்ந்த இலைத் தாள்களும் சில டிஎன்ஏ எழுத்துகளும்தான். இழை இழையாக எழுத்தைப் படிக்கலாம். அந்த எழுத்திலிருந்து ஒரு மரம் எழுந்து வராது.

யாரையாவது குற்றம் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ஆட்டைச் சொல்வது எளிது. கம்பெனியைச் சொல்வது அதைவிட எளிது. ஆனால் ஆடுகளின் காலத்தையும் கம்பெனியின் காலத்தையும் தாண்டி இந்த மரம் வாழ்ந்திருந்தது. 1875இல் அது 12 மரமாவது இருந்தது. பன்னிரண்டு மரம் என்றால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்குச் சேரும் வாய்ப்பு இருந்தது. அன்று பெயர் தெரியும், இடம் தெரியும், எண்ணிக்கையும் தெரியும். அந்த மரங்களின் விதையிலிருந்து எங்கும் ஒரு தோப்பு உருவாகி நிலைக்கவில்லை. 1977இல் வந்தவர்கள் செய்ததெல்லாம் சரி. அவர்கள் கைக்கு வந்தபோது மரம் ஒன்றாகக் குறைந்திருந்தது.

கருங்காலி பிழைத்த கதையை அருகிய உயிர்களைப் பற்றிப் பேசும் மேடைகளில் எல்லாரும் சொல்கிறார்கள். கடைசி இரண்டு செடியிலிருந்துகூட மீட்கலாம் என்று அதிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். பக்கத்திலேயே ஆலிவின் கதையையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். ஒரே தீவு, ஒரே மனிதர், ஒரே முறை. ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது. ஒன்றிரண்டு மிஞ்சும்வரை காத்திருந்து மீட்பது சூதாட்டம்.

செயின்ட் ஹெலினா ஆலிவுக்கு உறவினர் இன்னும் இருக்கிறார்கள். தீவிலேயே காட்டு ரோஸ்மேரி சில செங்குத்துப் பாறைகளில் ஆடு எட்டாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் அருகிப்போய்விட்டது. இன்று அதை எண்ணிவிடலாம் என்றால், விதை திரட்ட வேண்டிய நாளும் இன்றுதான்.